வைஃபை அட்டை ரூட்டர் பக்கத்தில் மட்டுமே இணைகிறது: உபுண்டு 22.04, ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஈ

நாகலூர் தோட்டக் கணக்கர் (கேள்வி)

வணக்கம். ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் அலுவலகக் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். ஆட்கூலிப் பட்டியலும் வங்கிப் பரிமாற்றமும் அலுவலக மடிக்கணினியிலிருந்தே போக வேண்டியிருப்பதால், இணைப்பு அறுந்தால் சம்பள நாளே தள்ளிப்போகிறது. விண்டோஸ் மிகவும் மெதுவாகிவிட்டதால் அதை நீக்கிவிட்டு உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். அதன் பிறகு வைஃபை நிலையாகக் கிடைக்கவில்லை.

ரூட்டர் அடுத்த அறையில் உள்ளது. மடிக்கணினியை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் இணைகிறது. என் மேசைக்கு எடுத்து வந்ததும் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கிச் சற்று நேரத்தில் அறுந்துவிடுகிறது. சில வேளைகளில் எங்கள் வைஃபையின் பெயரே பட்டியலில் வருவதில்லை. அதே மேசையில் கைப்பேசிக்கு முழுச் சிக்னல் கிடைக்கிறது. விண்டோஸ் இருந்தவரை இந்த மடிக்கணினிக்கும் அங்கே நன்றாகவே கிடைத்தது.

சேலத்தில் ஒரு கடையில் காட்டியபோது, அட்டை போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். தோட்டத்தில் இருப்பவர்களோ பழைய கட்டடத்தின் கருங்கல் சுவரையும் பனிமூட்டத்தையும் காரணமாகச் சொல்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மறுபடி கீழே இறங்கிப் பணம் செலவழிப்பதற்கு முன்னால், அமைப்பில் மாற்றிப் பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சூரமங்கலம் லினக்ஸ்

வணக்கம் ஐயா. பனிமூட்டத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஓர் அறைத் தொலைவில் மூடுபனி குறைப்பது கணக்கில் எடுக்கும் அளவுக்கு இராது. கருங்கல் சுவர் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் கைப்பேசிக்கும் அதே சுவர்தானே இருக்கிறது. விண்டோஸில் அதே மேசையில் கிடைத்தது என்று நீங்கள் எழுதியிருப்பதே மிகப் பெரிய துப்பு. அட்டை பழுதானதென்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம்.

முனையத்தை (கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தை) திறந்து சிலவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். (கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.) 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்பது வைஃபை பூட்டப்பட்டிருக்கிறதா என்று காட்டும். மென்பூட்டு, வன்பூட்டு என இரு வரிகள் வரும். இரண்டும் 'நோ' என்றிருக்க வேண்டும். பிறகு 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' கொடுத்தால், நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற பகுதியில் அட்டையின் பெயரும், அதற்குக் கீழே பயன்பாட்டில் உள்ள கெர்னல் இயக்கியின் பெயரும் தெரியும் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி, இயக்கி என்பது அட்டையை இயக்கும் மென்பொருள்). கடைசியாக, மேசையில் இருந்தபடி 'ஐடபிள்யூ டெவ்' என்று தொடங்கி, வைஃபை இடைமுகத்தின் பெயரைச் சேர்த்து, 'லிங்க்' என்று முடித்தால் சிக்னல் டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியோடு வரும். சுழியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது. கோடுகளை எண்ணுவதைவிட இந்த எண் நம்பகமானது.

இதற்கிடையில் மின்சேமிப்பையும் நிறுத்திப் பாருங்கள். உபுண்டுவில் நெட்வொர்க் மேனேஜரின் கான்ஃப்.டி அடைவில் 'டீஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்' என்றொரு கோப்பு உண்டு. அதில் பவர்சேவ் மதிப்பு 3 என்றிருக்கும். அதை 2 ஆக்கி மறுதொடக்கம் செய்தால் மின்சேமிப்பு நின்றுவிடும். இதனாலும் சரியாகவில்லை என்றால் இயக்கியின் புதிய மூலநிரலைப் பதிவிறக்கித் தொகுத்துக்கொள்ளும் வழி இருக்கிறது.

நாகலூர் தோட்டக் கணக்கர்

விரைவான பதிலுக்கு நன்றி. பூட்டு எதுவும் இல்லை. இரண்டு வரிகளிலும் 'நோ' என்றே வருகிறது. அட்டை ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஈ, அடையாள எண் 10ஈசி:பி723. இயக்கியும் அதே பெயரில் ஏற்றப்பட்டிருக்கிறது. மேசையில் சிக்னல் -81 டிபிஎம். மின்சேமிப்பை நிறுத்திய பின் அறுபடுவது சற்றுக் குறைந்திருக்கிறது, ஆனால் அந்த எண் மாறவில்லை.

அஸ்தம்பட்டி பழுதுநீக்கம்

அட்டையின் பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. மடிக்கணினி பழுதுநீக்குவது என் தொழில். இந்த அட்டை வந்த கணினிகளில் இதே குறையைப் பல முறை சரிசெய்திருக்கிறேன். அட்டையும் நன்றாக இருக்கிறது, இயக்கியும் நன்றாக இருக்கிறது. ஆன்டெனா செருகப்படாத வாய் வழியாக அட்டை கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மடிக்கணினியின் பின்மூடியைக் கழற்றினால் தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய பச்சை நிற அட்டை ஒன்று தெரியும். அதன் ஓரத்தில் கடுகளவில் பொன்னிறமாக இரண்டு வட்டச் செருகுவாய்கள் இருக்கும். திரையின் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும் ஆன்டெனாவிலிருந்து கீல் வழியாக இறங்கி வரும் மெல்லிய கம்பி அவற்றில் ஒன்றில் மாட்டப்பட்டிருக்கும். இன்னொன்று காலியாகக் கிடக்கும். இந்த அட்டை ஒரு நேரத்தில் ஒரே ஆன்டெனாவைக் கொண்டு வேலை செய்வது என்பதால், தயாரிப்பாளர்கள் சிலர் செலவைக் குறைக்க ஒரு கம்பியோடு நிறுத்திவிட்டார்கள். அதில் குற்றமில்லை. எந்த வாயில் கம்பி இருக்கிறது என்பதை அட்டையின் நிலையான நினைவகத்தில் சரியாகப் பதியாமல் விட்டதுதான் குற்றம். விண்டோஸுக்கு அவர்கள் தரும் இயக்கியில் அது சரியாக அமைக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் இயக்கியோ நினைவகத்தில் எழுதியிருப்பதை நம்பிக் காலி வாயைத் தேர்ந்தெடுக்கிறது. ரூட்டருக்கு மிக அருகில் போனால் அந்த வெற்று வாயே கொஞ்சம் அலையை வாங்கிக்கொள்ளும். நீங்கள் சொன்ன அறிகுறி அதேதான்.

இதற்கு இயக்கியிலேயே 'ஆன்ட்_செல்' என்ற அமைப்பு இருக்கிறது. 0 என்றால் அட்டை சொல்வதை நம்பு என்று பொருள். 1, 2 என்பவை ஆன்டெனா வாயை நாமே குறிப்பிடுவதற்கானவை. முதலில் தற்காலிகமாகச் சோதியுங்கள். 'சூடோ மோட்புரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஈ' கொடுத்து இயக்கியை இறக்குங்கள். பிறகு 'சூடோ மோட்புரோப் ஆர்டிஎல்8723பிஈ ஆன்ட்_செல்=2' என்று ஏற்றி, மேசையில் சிக்னல் எண்ணைப் பாருங்கள். மாற்றமில்லை என்றால் மறுபடி இறக்கிவிட்டு 1 கொடுத்துப் பாருங்கள். எந்த எண் பொருந்தும் என்பது கணினிக்குக் கணினி மாறும். இரண்டையும் சோதிக்காமல் விட்டுவிட வேண்டாம். ஆன்ட்_செல் எண்ணை மாற்றியும் பயன் தெரியாவிட்டால் கணினியை முழுவதும் அணைத்து மீண்டும் தொடங்கிச் சோதிப்பது நல்லது.

சூரமங்கலம் நண்பர் சொன்ன மற்ற சோதனைகள் அனைத்தும் சரியே. வெளி மூலநிரலைத் தொகுப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த இயக்கி பல ஆண்டுகளாகக் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து தொகுத்துப் போட்டால் கெர்னல் புதுப்பிக்கப்படும்போது மறுபடி தொகுக்க வேண்டிவரும். கையொப்பமில்லாத இயக்கியை ஏற்காத செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால் கையொப்பமிடும் வேலையும் சேர்ந்துகொள்ளும். இணையமே சரியில்லாத மலையில் இருக்கும் ஒருவரை அந்த வேலையில் இறக்கிவிடுவது முறையல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமைப்பில் ஒரு வரி மாற்றினால் தீரக்கூடிய குறைக்கு, சோதிக்காமலேயே அட்டையை மாற்றச் சொல்வது எங்கள் தொழிலுக்கு அழகில்லை. சில தயாரிப்பாளர்களின் மடிக்கணினிகள் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் உள்மென்பொருள்) பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்பதுகூடக் கிடையாது. வாங்கி வந்து மாட்டிய பிறகுதான் அது தெரியவரும்.

நாகலூர் தோட்டக் கணக்கர்

2 கொடுத்தபோது மாற்றம் எதுவும் இல்லை. 1 கொடுத்து ஏற்றியதும் அதே மேசையில் -55 டிபிஎம் காட்டுகிறது. கூலிப் பட்டியலை இங்கிருந்தே அனுப்பிவிட்டேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த அமைப்பு மறுதொடக்கத்துக்குப் பின்னும் நிலைக்க என்ன செய்ய வேண்டும்? சாப்பாட்டு அறையிலும் இதைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. அங்கே -74 வரை இறங்குகிறது.

சூரமங்கலம் லினக்ஸ்

அஸ்தம்பட்டி நண்பர் சொல்வது சரி. உங்கள் நிலையில் தொகுக்கும் வேலை தேவையே இல்லை. 10 டிபி கூடினால் ஆற்றல் பத்து மடங்கு என்று பொருள். -81இலிருந்து -55க்கு வந்திருப்பதால், அட்டைக்குக் கிடைக்கும் அலையின் ஆற்றல் ஏறத்தாழ 400 மடங்கு ஆகியிருக்கிறது.

நிலைக்கச் செய்ய, ஈடிசி அடைவின் கீழுள்ள மோட்புரோப்.டி அடைவில், 'ஆர்டிஎல்8723பிஈ.கான்ஃப்' என்ற பெயரில் ஒரு கோப்பை நிர்வாகி உரிமையோடு உருவாக்குங்கள். அதில் 'ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஈ ஆன்ட்_செல்=1' என்ற ஒரே வரி போதும். கெர்னல் புதுப்பிக்கப்பட்டாலும் இந்தக் கோப்பு அப்படியே இருக்கும். இணைப்பு மறுபடி அறுபடத் தொடங்கினால் அதே வரியின் இறுதியில் 'ஐபிஎஸ்=0 எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0' என்று சேர்த்து, அட்டையின் உள் மின்சேமிப்பையும் நிறுத்திவிடலாம்.

சாப்பாட்டு அறையைப் பொறுத்தவரை இப்போது நீங்கள் உண்மையாகவே சுவரோடுதான் போராடுகிறீர்கள். இந்த அட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்வது. ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் அது இதற்குத் தெரியாது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4 பிரிவின் அலைவரிசை அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். அதிகபட்ச வேகம் 150 மெகாபிட்டிலிருந்து 72 ஆகக் குறையும். ஆனால் தொலைவில் இணைப்பு உறுதியாக நிற்கும், கூலிப் பட்டியலுக்கு அந்த வேகமே மிகுதி. சேனலைத் தானியங்கியில் விடாமல் 1, 6, 11 ஆகியவற்றில் அக்கம்பக்கத்தில் பயன்பாடு குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். வைஃபையும் புளூடூத்தும் இந்த அட்டையில் ஒரே ஆன்டெனாவைப் பகிர்ந்துகொள்வதால், தேவையில்லாதபோது புளூடூத்தை அணைத்து வைப்பதும் உதவும்.

இவற்றுக்குப் பிறகும் போதவில்லை என்றால், மடிக்கணினிக்கு எதுவும் வாங்க வேண்டாம். ரூட்டரை இரண்டு அறைகளின் கதவுகளும் நேர்பார்வையில் இருக்கும் நடைவழிக்கு மாற்றி, சாப்பாட்டு அறையில் -67க்கு மேல் வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.