போச்சே என்று நோட்டீஸ் அடிக்கலாமா? (அவசரமாகக் கலைச்சொல் தேவை)

உவர்மலை, விளையாட்டுப் பாட ஆசிரியர்:

அன்பர்களே, வெள்ளிக்கிழமை நோட்டீஸ் அச்சகத்துக்குப் போக வேண்டும். அதற்குள் 'போச்சே' (bocce) என்ற இத்தாலியப் பந்து விளையாட்டுக்கும் அதன் உறுப்புகளுக்கும் தமிழ்ப் பெயர் வேண்டும்.

சங்கதி இதுதான். ரொறன்ரோ அண்ணை, அங்கே பூங்காவில் இத்தாலியப் பெரியவர்கள் பந்து உருட்டும் காணொளி ஒன்றை எங்களுக்கு அனுப்பியிருந்தார். அன்று பின்னேரமே திருகோணமலை டச்சு விரிகுடாக் கரையில் இருந்து 'அகில திருமலைப் பெருங்கிண்ணம்' ஒன்றைக் கற்பனையில் நடத்தி முடித்துவிட்டோம். மூதூர் அணி மேளதாளத்தோடு படகில் வந்து இறங்குகிறது. கன்னியா அணியில் வெந்நீர்க் கிணற்றுக்கு ஒருவராக ஏழு பேர். ஆகச் சூடான கிணற்றுக்காரர் கடைசியாக எறிவார். சீனன்குடா அணியில் எல்லாருடைய சட்டையிலும் 99 என்ற இலக்கம், அங்குள்ள 99 எண்ணெய்க் குதங்களின் நினைவாக. கிண்ணியாவில் இடம் போதாவிட்டால் பாலத்தையே கேட்பது என்று முடிவு: 396 மீற்றர் நீளம், நீளவாக்கில் 14 ஆடுகளம் தாராளமாகப் போடலாம். பிரெட்ரிக் கோட்டைக்குள் ஆட்டம் நடக்கும்போது மான் உள்ளே வந்தால் அது தானாகப் போகும்வரை எல்லாரும் நிற்க வேண்டும், யாரும் கலைக்கக் கூடாது. இது விதி இலக்கம் 1. இறுதியாட்டம் மெக்கெய்சர் மைதானத்தில்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துச் சின்ன அளவில் உண்மையாகவே நடத்தலாம் என்று பட்டது. அதனால்தான் இந்த அவசரம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஒடுக்கமான நீண்ட தரை, வழக்கமாக 27.5 மீற்றர் நீளம், இரண்டரை முதல் 4 மீற்றர் அகலம். முதலில் ஒரு சின்னப் பந்தை எறிவார்கள். பிறகு இரண்டு அணியும், அணிக்கு நாலு பெரிய பந்து வீதம், அதற்குக் கிட்டப் போட வேண்டும். பெரிய பந்து ஏறத்தாழ 107 மில்லிமீற்றர் விட்டம், 920 கிராம் எடை. யாருடைய பந்து கிட்ட இல்லையோ அவர்கள்தான் அடுத்து எறிவார்கள். சுற்று முடிவில், எதிரணியின் ஆகக் கிட்டிய பந்தைவிட நெருக்கமாக உங்கள் பந்து எத்தனை கிடக்கிறதோ அத்தனை புள்ளி. மற்ற அணிக்கு ஒன்றுமில்லை.

ஆட்டம், பெரிய பந்து, சின்னப் பந்து, தரை, எறியும் மூன்று வகை. இவ்வளவுக்கும் சொல் தாருங்கள்.

ரொறன்ரோ:

தம்பி, பெயரை ஏன் மாற்ற வேண்டும்? கிரிக்கெட் கிரிக்கெட்டாகத்தான் எல்லார் வாயிலும் இருக்கிறது. 'போச்சே' என்று எழுதுங்கள். இங்கே நாலு தெருவுக்கு ஒரு பூங்காவில் ஆடுகிறார்கள், ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.

உவர்மலை:

அண்ணை, 'மாபெரும் போச்சே போட்டி' என்று சந்தைக்கு முன்னால் பதாகை கட்டினால் பார்க்கிறவர்கள் என்ன போச்சு, எங்கே போச்சு என்று கேட்பார்கள். முதல் ஆட்டத்துக்கு முன்பே தோற்றுப்போன மாதிரி ஒரு பெயர். இத்தாலிய ஒலிப்புக்குக் கிட்டக் கொண்டுவர முதலெழுத்தைக் குறிலாக்கினால் இன்னும் மோசம், தமிழகத்தில் சபையில் சொல்ல முடியாத சொல் பக்கத்தில் வந்து நிற்கும். 'குண்டு' என்றும் வேண்டாம். குண்டு போடுதல் என்று மெய்வல்லுநர் போட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. அதைவிட, 'குண்டு எறியும் போட்டி' என்ற நோட்டீஸை இந்த ஊரில் ஒரு தாய் எப்படி வாசிப்பாள் என்று யோசியுங்கள்.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, புதுச்சொல் எதற்கு? இந்த ஆட்டம் நம்மிடம் இருந்தது, பெயரோடு இருந்தது. நற்றிணை 3ஆம் பாட்டை எடுத்துப் பாரும். பொரிந்த அடிமரத்து வேம்பு, அதன் புள்ளி நிழல், அங்கே

'கட்டளை அன்ன வட்டரங்கு இழைத்துக்
கல்லாச் சிறாஅர் நெல்லி வட்டாடும்'

என்கிறார் இளங்கீரனார். பொன் உரைக்கும் கட்டளைக் கல்லைப் போல அரங்கு கீறி, நெல்லிக்காயை உருட்டிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். குறள் 401ஐயும் நினைவுபடுத்திக்கொள்ளும்: 'அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்'. பரிமேலழகர் இந்த இடத்தில் வட்டாடல் என்பதற்கு 'உண்டை உருட்டல்' என்று உரை எழுதி, அதே நற்றிணை அடிகளைச் சான்று காட்டுகிறார். அரங்கு கீறாமல் ஆடக் கூடாத ஆட்டம், உண்டையை உருட்டும் ஆட்டம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆகவே ஆட்டம் வட்டாட்டம். பெரிய பந்து வட்டு. தரை வட்டரங்கு. சின்னப் பந்து நெல்லி. அளவும் ஒத்துவரும், 4 முதல் 6 சென்ரிமீற்றர் என்றால் பெருநெல்லிதான்.

ரொறன்ரோ:

மாஸ்டர், பாட்டு அழகு. ஆனால் கட்டளைக் கல் போல என்றால் கட்டம் கட்டமாகக் கீறியது என்றும் பொருள் கொள்ளலாமே. அது கட்டத்துக்குள் காய் போடும் வேறு ஆட்டமாக இருந்தால்?

தம்பலகாமம்:

பொன் உரைக்கும் கல் நீண்ட சதுரம். உங்கள் பூங்காத் தரையும் நீண்ட சதுரம். கட்டம் இருந்ததா இல்லையா என்பது வேறு விவாதம். உருட்டினார்கள் என்று உரையாசிரியரே சொல்லிவிட்டார்.

கிண்ணியா:

மாஸ்டருக்கு மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். வட்டு என்றால் எங்கட பிள்ளைகளுக்கு இறுவட்டுத்தான் (சீடி). தட்டையான சாமான். உருண்டைக்குத் தட்டையின் பெயரை வைத்து, அதை நற்றிணை காட்டி விளங்கப்படுத்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தமிழாசிரியரைக் கூட்டிப்போக முடியுமா?

நாங்கள் சின்ன வயதில் அடித்தது என்ன? போளை. கண்ணாடிப் போளை, இரும்புப் போளை. குழி தோண்டி, சாண் வைத்து, கட்டைவிரலை மண்ணில் ஊன்றிச் சுண்டியது எல்லாருக்கும் நினைவிருக்கும். இது பெரிய போளை, அவ்வளவுதான். ஆட்டத்துக்குப் 'பெரும்போளை' என்று போடுங்கள். அறுபது வயதுக்காரனும் ஆறு வயதுக்காரனும் வந்து நிற்பார்கள். சின்னப் பந்துக்குக் குரும்பட்டி. தென்னைக்குக் கீழே இலவசமாகக் கிடக்கிறது, தொலைந்தால் இன்னொன்று.

தம்பலகாமம்:

நானா, போளை தமிழன்று. போர்த்துக்கேயரின் 'போலா'. 1622இல் கோணேசர் கோவிலை இடித்தவர்கள் விட்டுப்போன சொல்லை, இடித்த கல்லில் கட்டிய கோட்டைக்குள்ளேயே போட்டி வைத்து ஒலிபெருக்கியில் கூப்பிடச் சொல்கிறீரா?

கிண்ணியா:

மாஸ்டர் இந்த மடலை எழுதும்போது எதில் இருந்து எழுதினீர்கள்? கதிரையில். எதற்கு முன்னால்? மேசைக்கு. காலையில் பாண் சாப்பிட்டு, யன்னலைத் திறந்து, சப்பாத்துப் போட்டுத்தானே வெளியே போனீர்கள்? அலுமாரியைத் திறந்து நற்றிணையை எடுத்திருப்பீர்கள். எல்லாம் அவர்கள் கொண்டுவந்த சொல். கோவிலை இடித்த பாவம் சொல்லுக்கு இல்லை. தொல்காப்பியரே வடசொல்லை வடவெழுத்து நீக்கி எழுதிக்கொள்ள வழிவிட்டார். போலாவை எங்கட வாப்பாமார் போளை ஆக்கி ளகரமும் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அது யாருடைய சொல்?

இன்னொன்று. இத்தாலியில் அந்தப் பெயருக்குப் பொருளே 'பந்துகள்' என்பதுதானாம். அவர்கள் இலக்கியம் தேடவில்லை.

உப்புவெளி:

நான் சொல்வதையும் ஒருக்கால் கேளுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். இதே குடும்பத்து ஆட்டம் ஒன்று பராலிம்பிக்கில் 1984 முதல் இருக்கிறது, பொச்சியா. சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆடுவது. 12.5 மீற்றருக்கு 6 மீற்றர் களம், சிவப்பு ஆறு, நீலம் ஆறு, குறியாக வெள்ளைப் பந்து ஒன்று. கையால் எறிய முடியாத பிள்ளை சரிவுப் பலகை வைத்து உருட்டலாம். பலகையை எந்தப் பக்கம் திருப்புவது என்று பிள்ளை கண்ணாலோ தலையாலோ சொல்லும், உதவியாளர் களத்துக்கு முதுகு காட்டியபடி அதை மட்டும் செய்வார். முடிவு முழுக்கப் பிள்ளையினுடையது.

இத்தாலிய மொழியில் பொச்சியா ஒருமை, போச்சே பன்மை. அங்கே பெயரளவில் இரண்டும் ஒரே ஆட்டம். நீங்கள் வைக்கும் பெயரும் அப்படி இரண்டுக்கும் பொருந்த வேண்டும். முன்னால் ஒரு அடை சேர்த்தால் எங்கள் பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் அதே பெயர் வர வேண்டும். 'எறிதல்', 'அடித்தல்' என்று பெயருக்குள் வைத்தால் எறிய முடியாத பிள்ளை பெயரிலேயே வெளியே நிற்கும். உருட்டுவது எல்லாராலும் முடியும்.

புதுச்சேரி:

வணக்கம். எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பெத்தாங்க் இன்றும் மாலையில் நடக்கிறது. இரும்புப் பந்து, காலை ஊன்றி நின்று எறிய வேண்டும். அந்தப் பெயரே தென் பிரான்சின் வட்டார மொழியில் 'ஊன்றிய பாதம்' என்பதிலிருந்து வந்தது. அதனால் உப்புவெளி அக்கா சொல்வது போல ஆடும் முறையிலிருந்து பெயர் எடுப்பது நல்ல வழி. சின்னப் பந்தை அவர்கள் பன்றிக்குட்டி என்கிறார்கள். முற்பாதியை விட்டுவிட்டு 'குட்டி' என்று வைத்துக்கொள்ளலாமே?

ரொறன்ரோ:

குட்டி நல்லாயிருக்கிறது. ஆனால் ஈழத்து வாய்க்கு 'சின்னன்' இன்னும் பொருந்தும். 'சின்னனுக்குக் கிட்டப் போடு' என்று கத்திப் பாருங்கள்.

தம்பலகாமம்:

வட்டு தட்டையானது என்று நானா சொன்னதற்கு வருகிறேன். இது பிற்காலச் சுருக்கம். வள் என்ற வேரைப் பாரும்: வளை, வளையம், வளாகம். அதே வேர் இறுகி வட்டு, வட்டம், வட்டில், ஓலை வட்டி. வட்டுக்கத்தரி என்று உருண்டைக் காய் ஒன்றுக்கும் பெயர் உண்டு. சுற்றி வருவது எல்லாம் வட்டுத்தான். தட்டையா திரட்சியா என்பதை வேர் கேட்பதில்லை. வட்டக்களரி என்று நம் கூத்துக்காரர் இன்றும் சொல்கிறார்கள். யோசித்தால் தரைக்கு அரங்கைவிடக் களரி பொருத்தமோ என்றும் படுகிறது. களம், களர், களரி மூன்றும்

உவர்மலை:

மாஸ்டர், இடைமறிப்பதற்கு மன்னிக்க வேண்டும், அச்சகம் பூட்டும் நேரம் நெருங்குகிறது. களரி வட்டமாக இருக்கும், எங்கள் தரை நீளம், அரங்கே இருக்கட்டும்.

நேற்று ஒன்பதாம் வகுப்பில் எல்லாப் பெயரையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, விளக்கம் சொல்லாமல், எது எப்படிப்பட்ட ஆட்டம் என்று கேட்டேன். வட்டாட்டம் என்றதும் ஒரு பிள்ளை எழுந்து வட்டமாக ஓடுவது என்றது. இன்னொன்று கும்மி என்றது. போளை என்றதும் பின்வாங்கில் இருந்தவன் சட்டைப் பையிலிருந்து இரண்டை எடுத்தே காட்டினான், ஆனால் 'இதை எப்படி சேர் 27 மீற்றர் சுண்டுவது?' என்று கேட்டான். பெரும்போளை என்றால் கிரகமா என்றும் ஒரு கேள்வி வந்தது. நான் சும்மா சேர்த்த 'உருள்பந்தாட்டம்' என்பதை மட்டும் எல்லாரும் கையைத் தரையோடு வீசிக் காட்டினார்கள். கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் என்ற வரிசையில் அது தானாகப் போய் இருந்துவிடுகிறது. அக்காவின் பிள்ளைகளுக்கு 'இருக்கை உருள்பந்தாட்டம்'.

எறி வகை மூன்றுக்கும் பிள்ளைகள் கத்திய சொல்லையே எடுக்கிறேன். மெதுவாக உருட்டிக் குறிக்குக் கிட்டப் போடுவது அணைத்தல். வேகமாக உருட்டி எதிரியின் பந்தை அப்பால் அனுப்புவது கலைத்தல். அந்தரத்தில் எறிந்து நேரே அடிப்பது தூக்கல். சின்னப் பந்து நெல்லி. அதை மாஸ்டரின் பாட்டுக்காகவே வைக்கிறேன். வகுப்பில் வேம்பு நிழலையும் அந்தச் சிறுவர்களையும் சொன்னபோது சத்தமே இல்லை.

ஆட்சேபம் உள்ளவர்கள் மாலைக்குள் எழுதுங்கள்.

உப்புவெளி:

சம்மதம்.

புதுச்சேரி:

சரி. குட்டி பிழைக்கவில்லையே என்று வருத்தம்.

ரொறன்ரோ:

சரி. பந்து அனுப்பும் செலவு என்னுடையது. கனம் கூட, கப்பலில்தான் வரும். தரைக்கு நொறுக்கிய சிப்பி ஓடு போட்டால் நல்லாக உருளும், இங்கே நல்ல களங்களில் அதுதான் போடுகிறார்கள். நித்திலம் (முத்து) கொழிக்கும் கோணமாமலை என்று சம்பந்தர் பாடிய கரையில் சிப்பிக்குப் பஞ்சமில்லை. மழைக்கு முன்னம் தரையை இறுக்கிவிடுங்கள்.

கிண்ணியா:

பெரும்பான்மை அதுவென்றால் அச்சடியுங்கள். ஆனால் உருள்பந்து நோட்டீஸில் இருக்கும், வாயில் இருக்காது. எங்கட பக்கம் ஒலிபெருக்கி அறிவிப்பு என்னுடைய பொறுப்பு, அதில் நான் பெரும்போளை என்றுதான் சொல்வேன். யார் சொல் நிற்கிறது என்று அடுத்த வருடம் பார்ப்போம்.

தம்பலகாமம்:

நான் ஒப்பவில்லை. 'பந்து' என்று எதற்கெடுத்தாலும் ஒட்டிக்கொண்டே போனால் ஆட்டங்களுக்கு முகமே இல்லாமல் போகும். வட்டாடல் என்று குறளில் நிற்கும் சொல்லை இந்தச் சந்தர்ப்பத்தில் எடுக்காமல் வேறு எப்போது எடுப்பது? என் மறுப்பைப் பதிவில் வைத்துக்கொள்ளும்.

நோட்டீஸை அச்சுக்கு விடுமுன் எனக்கு ஒரு படி அனுப்பும். உருள்பந்து வினைத்தொகை; இயல்பாகவே நிற்கும். உருள் என்பதைச் சக்கரம் என்ற பெயராகக் கொண்டு அச்சகத்தில் எவராவது 'உருட்பந்து' என்று திருத்திவிடப் போகிறார்கள்.