முன்னாள் கணவர் கடனுக்கு என் வீட்டை ஜப்தி செய்ய முடியுமா?

வில்லாபுரத்துக்காரி:
போன வருஷம் விவாகரத்து ஆகிவிட்டது. அவர் கீழமாரட் வீதியில் வெங்காயக் கடை வைத்திருந்தபோது வாங்கிய கடனுக்கு இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். பைனான்ஸ்காரர்கள் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "இதுல ஒரு கையெழுத்தைப் போடுங்கக்கா, இல்லாட்டி வீட்டை ஜப்தி பண்ணிருவோம்" என்கிறார்கள். வீடு என் அப்பா எனக்குத் தான செட்டில்மெண்ட்டாக எழுதிக் கொடுத்தது. தம்பி பெயருக்கு மாற்றிவிடச் சொல்கிறார் அம்மா. மாற்றலாமா?

மேலூர் தம்பி:
அவசரப்படாதீர்கள் அக்கா. எந்தக் கடனிலாவது உங்கள் கையெழுத்து இருக்கிறதா? உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கை வருஷத்துக்கு ஒரு முறை இலவசம். வங்கிக் கடனில் ஜாமீன் போட்டிருந்தால் அதில் தெரியும். கைமாற்று, புரோநோட்டு எல்லாம் அதில் வராது.

வில்லாபுரத்துக்காரி:
பார்த்தேன். வங்கிக் கடனுக்கு ஜாமீன் என்று என் பெயர் இருக்கிறது. வீடு அடமானத்தில் இல்லை, வில்லங்கச் சான்றும் சுத்தம். பைனான்ஸ் புரோநோட்டில் அவர் கையெழுத்து மட்டும்தான். கடனெல்லாம் கணவர் பொறுப்பு என்று விவாகரத்துத் தீர்ப்பிலேயே இருக்கிறதே, போதாதா?

கோர்ட் பக்கம்:
போதாதும்மா. அந்தத் தீர்ப்பு உங்கள் இருவருக்குள்ளே, வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவுப்படி கடன் வாங்கியவருக்குள்ள பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவரை விட்டுவிட்டு நேராக உங்களிடமே வரலாம். ஆனால் அடமானம் இல்லாததால் பொதுவாக வழக்குப் போட்டு, டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கி, அப்புறம்தான் வீட்டின் மேல் கை வைக்க முடியும்.

தம்பி பெயருக்கு மாற்றுகிற யோசனையை விட்டுவிடுங்கள். கடனைத் தட்டிக்கழிக்கச் சொத்தை மாற்றப் பார்க்கிறார் என்று காட்டி, தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. மாற்றியே விட்டாலும் சொத்து மாற்றுச் சட்டம் 53-ஆம் பிரிவைக் காட்டி உடைக்கப் பார்ப்பார்கள். பத்திரச் செலவும் போய், தம்பியும் கோர்ட்டுக்கு அலைவார்.

பைனான்ஸ்காரர்களுக்குக் கால் காசு தரவேண்டியதில்லை. 'சும்மா சாட்சிக்கு' என்று கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மிரட்டினால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள்.

மேலூர் தம்பி:
மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். வங்கியோடு ஒரே தவணையில் முடிக்கவும் பேசலாம். நீங்கள் கட்டுகிற பணத்தை அவரிடம் திரும்பக் கேட்க ஒப்பந்தச் சட்டம் 145-ஆம் பிரிவு இருக்கிறது. கிடைக்குமா என்பது வேறு கதை.

வில்லாபுரத்துக்காரி:
சரி, போகிறேன். அதே வங்கியில்தான் என் ஆரமும் அடகில் இருக்கிறது. முதலில் அதை மீட்டுவிடவா?

கோர்ட் பக்கம்:
வக்கீலைப் பார்க்காமல் வேண்டாம். நகைக்கடனை அடைத்த பிறகும் ஜாமீன் பாக்கியைக் காட்டி நகையைப் பிடித்து வைக்கிற வங்கிகள் உண்டு. வங்கியோடு ஒரே தவணையில் முடிக்கப் பேசும்போதே ஆரத்தையும் சேர்த்துப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.