பனையோலை முடைகிறவர்களிடம் ஒரு உதவி

தக்கலைப் பக்கம் வேலை முடிந்து ராத்திரி அரை மணி நேரம் ஓலை முடையும் சிறு கூட்டம் நாங்கள். விற்க அல்ல. பார்த்துச் செய்வதை விட்டு, ஆளுக்கொரு சொந்தப் பின்னல் பிடிபட வேண்டும், அவ்வளவுதான்.

குருத்தோலையை 3 நாள் வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, அரை சென்டிமீட்டர் அகலத்தில் கிழிக்கிறோம். முடையும் முன் ஈரத்துணியில் அரை மணி சுற்றி வைக்கிறோம். தண்ணீரில் ஊறப்போட்டால் ஓலை உப்பும். பெட்டி காய்ந்ததும் சுருங்கி இடுக்கு விழும். அதனால் அடி முடிந்ததும் ஒரு நாள் காயவிட்டு, இழைகளை நெருக்கித் தள்ளிய பிறகே மூலை மடக்குகிறோம். முற்றின ஓலை கலந்திருந்தால் அந்த மூலையிலேயே கீறிவிடும்.

மாட்டிக்கொண்டது இங்கேதான். புதுக் கோலத்தைக் கட்டத்தாளில் வரைந்தால் நேர் முடைவுக்குச் சரியாக வருகிறது. மூலைவாட்டில் முடைகிற பெட்டியில், பக்கம் எழும்பியதும் கோலம் கோணலாகிறது. தாளை 45 பாகை திருப்பியும் மூலையில் இழைக்கணக்கு தவறுகிறது. கடவம் (பெரிய ஓலைப்பெட்டி) முடைகிற பாட்டிமார் தாளே இல்லாமல் எப்படி எண்ணுவார்கள்? மூலைக்கு எத்தனை இழை விடுவார்கள்?

இன்னொன்று: ஆனி, ஐப்பசி இரண்டு மழையிலும் பூஞ்சை பிடிக்கிறது. அடுப்புப் பரணில் வைத்தால் நிறம் கருக்கிறது. மஞ்சள் சாயமோ படிகாரம் போட்டும் வெயிலில் வெளுக்கிறது. வெளுக்காத சாயம் தெரிந்தால் அளவோடு எழுதுங்க. மூலை மடக்குவதை ஒரு போட்டோ எடுத்துப் போட்டாலும் போதும்.