எர்த் ராடு மாட்டிய கையே பாடம் சொல்லட்டும்

மின்வாரியக் களப்பணியாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்த முதல் ஆண்டில், விதிமுறைகளையெல்லாம் திரையில் வரிசையாகக் காட்டி இரண்டு மணி நேரம் பேசுவேன். இரவு முழுவதும் மழையில் பழுது பார்த்துவிட்டு வந்திருந்த கம்பியாளர்கள் பின்வரிசையில் கண்ணயர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்றே அப்போது நினைத்தேன். அது தவறு என்பதை ஓய்வுபெறும் நிலையில் இருந்த ஒரு மூத்த கம்பியாளர் உணர்த்தினார்.

கம்பியில் மின்சாரம் இருந்தால் அதை நிலத்துக்குள் இறக்கிவிடும் எர்த் ராடு பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து, "சார், இதை நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். புயலுக்கு மறுநாள் முறைப்படி எல்.சி. (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, மூன்று பிளேடுகளும் விலகியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அவருடைய குழு வேலையைத் தொடங்கியிருக்கிறது. இனிப் பயமில்லை என்று உடனிருந்த இளைஞர் கம்பியைத் தொடப் போனபோது, இவர் அவரைத் தடுத்து முதலில் எர்த் ராடை மாட்ட, கொக்கி பட்ட இடத்தில் தீப்பொறி பறந்தது. பக்கத்துத் திருமண மண்டபத்தில் வாரிய மின்சாரத்தோடு கலக்காமல் பிரித்து வைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைத்திருந்த ஜெனரேட்டரின் மின்சாரம், மண்டபத்துக்கென இருந்த மின்மாற்றியின் 433 வோல்ட் பக்கம் வழியாக ஏறி, மறுபக்கத்தில் ஏறக்குறைய 11,000 வோல்ட்டாக வெளிவந்திருக்கிறது. இதை அவர் சொல்லி முடித்தபோது யாரும் தூங்கவில்லை.

அதன்பின் கேள்விகள் வந்தன. ஒரு பக்கம் மட்டும் எர்த் செய்தால் போதுமா என்று ஒருவர் கேட்டார். போதாது, வேலை செய்யும் இடத்தின் இருபுறமும் செய்ய வேண்டும் என்றேன். உடனே மற்றொருவர், தங்கள் பிரிவில் இருப்பதே ஒரு ராடுதான், அதன் கம்பியும் பாதி அறுந்திருக்கிறது என்றார். எனக்கு அது வலித்தது. இல்லாத கருவியைப் பயன்படுத்தச் சொல்லும் வகுப்பை யார்தான் மதிப்பார்கள்? அன்று மாலையே செயற்பொறியாளருக்குக் கடிதம் எழுதினேன்; ராடுகள் வந்து சேரும்வரை அவரைத் தொடர்ந்து நச்சரித்தேன்.

இப்போது வகுப்பு, காலை வேலைப் பிரிப்புக்கு முன் அலுவலக முற்றத்துக் கம்பத்தடியில் இருபது நிமிடம் நடக்கிறது. ரப்பர் கையுறைகளைக் குவித்து வைத்து, அவற்றுள் ஊசித்துளையிட்ட ஒன்றைக் கலந்துவிடுவோம். ஒவ்வொருவரும் கையுறையின் வாய்ப்பகுதியைச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்துக் கன்னத்தருகே பிடித்துக் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். பேசுவது பெரும்பாலும் அவர்கள்தாம். விதியோடு முரண்படும் இடத்தில் மட்டும் நான் குறுக்கிடுகிறேன்.

சென்ற மாதம் அந்த ஊசித்துளையை முதலில் கண்டுபிடித்தவர், பணியில் சேர்ந்து மூன்றே வாரமான ஹெல்பர். அவர் அத்துடன் நிற்காமல், தம் பையிலிருந்த கையுறைகளையும் எடுத்துச் சுருட்டிப் பார்த்தார். அதில் ஒன்று கசிந்தது.