மாதம் 4 நாள் மட்டும் வரும் சிஎஃப்ஓ (தலைமை நிதி அதிகாரி): 36 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வியாபாரத்துக்குத் தேவையா?

செகாம்புட்_மசாலா

வணக்கம். கோலாலம்பூர் செகாம்புட்டில் மசாலாத் தூள் அரைத்துப் பாக்கெட் போடும் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) எங்களுடையது. 22 ஊழியர்கள். போன வருட விற்பனை 36 லட்சம் வெள்ளி. பாதி சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகிறது, மீதி மினிமார்க்கெட், உணவகம், கேட்டரிங். விற்பனை ஏறிக்கொண்டே இருக்கிறது, மாதக் கடைசியில் மட்டும் கையில் காசு இல்லை. சம்பளம் போட வங்கியின் ஓவர்டிராஃப்டை (மிகைப்பற்று) தொட வேண்டியிருக்கிறது. அன்றாடக் கணக்கை எஸ்கியூஎல் அக்கவுண்ட் என்ற கணக்கு மென்பொருளில் மனைவி பார்க்கிறார். வருடக் கணக்கு ஆடிட்டரிடம்.

பகுதி நேர ஆலோசகர் இருவர் பேசியிருக்கிறார்கள். முதலாமவர் மாதம் 4 நாள் வருவார், 6,000 வெள்ளி. நேம் கார்டில் சிஎஃப்ஓ என்று போடச் சொல்கிறார், வங்கிக் கடன் எடுத்துத் தந்தால் கடன் தொகையில் 2 சதவீதம் தனி. இரண்டாமவர் 2,500 வெள்ளியும் கம்பெனியில் 3 சதவீதப் பங்கும் கேட்கிறார், 'வியாபாரத்தை வளர்த்துக் கொடுப்பேன்' என்கிறார். யாரை எடுக்கலாம்? ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிறை_கணக்கு

ஆளை அப்புறம் பார்க்கலாம் சார், முதலில் நாலு விவரம் கொடுங்கள். போன மாதக் கணக்கு இந்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முடிகிறதா? வாடிக்கையாளர் பணம் சராசரி எத்தனை நாளில் வருகிறது? ஸ்டோக் எத்தனை நாளுக்குக் கிடக்கிறது? சப்ளையர் எத்தனை நாள் தவணை தருகிறார்?

முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் 6,000 வெள்ளிக்காரர் வந்தும் பயனில்லை. 4 நாளில் 3 நாள் பேங்க் ஸ்டேட்மெண்டை லெட்ஜரோடு ஒத்துப்பார்ப்பதிலேயே போய்விடும். அது கிளார்க் வேலை. அதற்கு நாளுக்கு 1,500 வெள்ளி கொடுப்பது பண விரயம்.

செகாம்புட்_மசாலா

கணக்கு முடிய 6 வாரம் ஆகிறது. வரவேண்டிய பணம் 75 நாள், ஸ்டோக் 50 நாள், சப்ளையர் தவணை 30 நாள். சரக்கு அடக்கம் விற்பனையில் 70 சதவீதம், வரிக்கு முன் லாபம் 5 சதவீதம்.

பிறை_கணக்கு

காசு எங்கே போகிறது என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது.

36 லட்சத்தை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் விற்பனை 9,863 வெள்ளி. 75 நாள் என்றால் கடைக்காரர்களிடம் நிற்பது சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம். அடக்கம் நாளுக்கு 6,904 வெள்ளி, 50 நாள் ஸ்டோக் 3 லட்சத்து 45 ஆயிரம். சப்ளையர் தவணையில் உங்களுக்குக் கிடைப்பது 2 லட்சத்து 7 ஆயிரம்தான். ஆக 8 லட்சத்து 78 ஆயிரம் வெள்ளி எப்போதும் வியாபாரத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இதே நாள் கணக்கில் விற்பனை 30 சதவீதம் ஏறட்டும். மாட்டிக்கொள்ளும் தொகையும் 30 சதவீதம் ஏறும், அதாவது இன்னும் 2 லட்சத்து 63 ஆயிரம். ஏறிய விற்பனை 46 லட்சத்து 80 ஆயிரம், அதில் 5 சதவீத லாபம் 2 லட்சத்து 34 ஆயிரம். வரி கட்டாமல், நீங்கள் ஒரு காசு எடுக்காமல் இருந்தாலும் பற்றாது. 'வளர்த்துக் கொடுப்பேன்' என்பவர் இந்தக் கணக்கைத் தொடாமல் விற்பனையை மட்டும் ஏற்றினால் ஓவர்டிராஃப்ட் இன்னும் ஆழமாகும்.

மறுபக்கம், 75 நாளை 55 ஆக்கினால் 1 லட்சத்து 97 ஆயிரம் வெள்ளி திரும்ப வரும். ஒரு பாக்கெட் கூட அதிகம் விற்க வேண்டாம். நீங்கள் எடுக்கப்போகும் ஆளுக்கு முதல் வேலை இதுதான். சிஎஃப்ஓ என்ற பட்டத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். '6 மாதத்தில் 75 நாளை 55-க்குக் கொண்டுவருவது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட வேலைக்குக் கொடுங்கள்.

அதற்கு முன் முழு நேர அக்கவுண்ட்ஸ் ஊழியர் ஒருவர் வேண்டும். மனைவியை மாற்றச் சொல்லவில்லை. இன்வாய்ஸ் அடிப்பதும் அவர், காசு வாங்கிப் பதிவதும் அவர், பேங்க் ஒத்துப்பார்ப்பதும் அவர் என்றால் யார் இருந்தாலும் 6 வாரம் ஆகும். உங்கள் விற்பனை 10 லட்சத்துக்கும் 50 லட்சத்துக்கும் நடுவில் இருப்பதால் 2026 ஜனவரி 1 முதல் வரி இலாகாவின் இ-இன்வாய்ஸ் (மின் விலைப்பட்டி) வேலையும் சேர்ந்துவிட்டது. அதற்கான மைஇன்வாய்ஸ் தளத்தில் வாங்குபவரின் வரி எண் தவறாகப் போனால் சூப்பர்மார்க்கெட் பக்கம் பணம் அங்கேயே நிற்கும்.

பட்டர்வொர்த்_சப்ளை

கணக்கு சரிதான் அண்ணே, ஆனால் அடக்கம் 70 போக மிச்சம் என்ற அந்த 30 சதவீத மார்ஜினை நான் அப்படியே நம்பமாட்டேன். சூப்பர்மார்க்கெட் இன்வாய்ஸ் ஒன்றை எடுங்கள், 10,000 வெள்ளி. பணம் வரும்போது கூடவே டெபிட் நோட் (பிடித்த தொகைக்கான சீட்டு) வரும். ரிபேட் (தள்ளுபடி) 5 சதவீதம் என்றால் 500, புரமோஷன் பங்கு 200, கிழிந்த பாக்கெட், தேதி நெருங்கிய பாக்கெட் ரிட்டர்ன் 400. கைக்கு வருவது 8,900. அடக்கம் 7,000 போக மிச்சம் 1,900. இதற்கு மேல் லாரி, டிரைவர், கடையில் தட்டு அடுக்கும் பையன். பல இடங்களில் டெபிட் நோட்டை 'இதர செலவு' என்று ஒரே கணக்கில் கொட்டிவிடுவார்கள். அதனால் மினிமார்க்கெட்டும் சூப்பர்மார்க்கெட்டும் ஒரே மார்ஜின் தருவதுபோலத் தெரியும். டெபிட் நோட்டை அந்தந்த வாடிக்கையாளர் பெயரிலேயே பதியச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் எந்தக் கடை சோறு போடுகிறது, எந்தக் கடை சோற்றைத் தின்கிறது என்று தெரிந்துவிடும்.

அரவைச் சேதாரமும் அப்படித்தான். காய்ந்த மிளகாய் கிலோ 14 வெள்ளி என்று வையுங்கள். 100 கிலோ வாங்கி, காம்பு கிள்ளி, வறுத்து, அரைத்து, சலித்த பிறகு பாக்கெட்டுக்குள் போவது 94 கிலோ என்றால் உண்மை விலை 14 வெள்ளி 89 காசு. இதை எந்த சிஎஃப்ஓவும் ஆபீஸில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. வாரத்தில் ஒரு நாள் அரவை மில் பக்கத்தில் தராசோடு நிற்க வேண்டும். உங்களுக்குத் தேவை நிதி ஆளா, உற்பத்தி ஆளா என்று இன்னொரு தடவை யோசியுங்கள்.

பிறை_கணக்கு

இரண்டும் தேவைதான், ஒரே நேரத்தில் வேண்டாம் என்பேன். கணக்கு நேராகாமல் சேதாரம் எவ்வளவு என்பதே தெரியவராது. நிதி ஆள் முதலில் வரட்டும்.

ஜாலான்_ஈப்போ_சட்டம்

ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதிகம் சிக்கல் வரும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலில், அவர் ஊழியரா, ஒப்பந்தக்காரரா? 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் 1955 வேலைச் சட்டத்தில் 101சி என்ற பிரிவு சேர்ந்திருக்கிறது. எழுத்தில் வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை செய்யும் விதமும் நேரமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, கருவிகளை நீங்கள் தருகிறீர்களா, சீரான இடைவெளியில் தரும் பணமே அவர் வருமானத்தின் பெரும்பகுதியா என்பதையெல்லாம் பார்த்து ஊழியர் என்று அனுமானிக்கலாம். ஊழியர் என்று முடிவானால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பாக்கி உங்கள் தலையில். ஆகவே அவர் தம் கம்பெனி பெயரில் இன்வாய்ஸ் அனுப்பட்டும், தம் லேப்டாப்பில் வேலை செய்யட்டும். விரல் ரேகை அட்டெண்டன்ஸ், லீவு பாரம் எதுவும் வேண்டாம். வேறு வாடிக்கையாளர்கள் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அடுத்தது நேம் கார்டு. சின்ன விஷயம் போலத் தெரியும். 2016 கம்பெனிச் சட்டம் 210-ஆவது பிரிவு, இயக்குநரின் கடமைகளைப் பொறுத்தவரை சிஇஓ (தலைமை நிர்வாகி), சிஎஃப்ஓ, சிஓஓ (தலைமைச் செயல்பாட்டு அதிகாரி) ஆகியோரையும் இயக்குநராகவே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பட்டத்தோடு 213-ஆவது பிரிவின் பொறுப்பும் அவர்மேல் வருகிறது. தெரிந்து கேட்கிறாரா என்று கேளுங்கள். வங்கியும் சப்ளையரும் அவர் சொல்லைக் கம்பெனியின் சொல்லாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். 'நிதி ஆலோசகர்' என்று போட்டால் வேலை குறைந்துவிடாது.

வங்கிக் கணக்கில் பணப் பட்டுவாடாவைத் தயார் செய்யும் உரிமை மட்டும் தரலாம். ஒப்புதல் தரும் டோக்கன் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். எஸ்கியூஎல் அட்மின் பாஸ்வேர்டும் உங்களிடமே. அவர் தயாரிக்கும் எக்செல் கோப்பு எல்லாம் கம்பெனி டிரைவில் சேர வேண்டும், அவருடைய சொந்தக் கணக்கில் அல்ல. பிரிந்துபோகும்போது சண்டை பெரும்பாலும் இதில்தான் வரும்.

'விலகிய பின் 2 வருடம் போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது' என்று ஒரு வரி போடச் சொல்வார்கள். 1950 ஒப்பந்தச் சட்டம் 28-ஆவது பிரிவின்படி அது செல்லாது. அந்த வரியை நம்பி மசாலா விகிதத்தைக் காட்டாதீர்கள். ரகசியக் காப்புப் பிரிவை விரிவாக எழுதுங்கள்: விலைப்பட்டியல், சப்ளையர் பெயர், கலவை அளவு என்று பெயர் சொல்லி.

வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வந்து வேலை செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம் பிடித்து, பணம் கொடுத்த ஒரு மாதத்துக்குள் எல்எச்டிஎன்னுக்குக் (உள்நாட்டு வருமான வரி வாரியம்) கட்ட வேண்டும், வருமான வரிச் சட்டம் 109பி பிரிவு. சேவை வரிக்குப் பதிந்த ஆலோசனைக் கம்பெனி என்றால் இன்வாய்ஸில் 8 சதவீதம் கூடும், சொன்ன 6,000 அதைச் சேர்த்தா சேர்க்காமலா என்று இப்போதே கேளுங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி ஆயிரத்துக்கு 1 வெள்ளி, கையெழுத்தான 30 நாளுக்குள்.

செகாம்புட்_மசாலா

மிக்க நன்றி மேடம். அந்தக் கடன் கமிஷன் 2 சதவீதம், 3 சதவீதப் பங்கு, இவை பற்றியும் சொல்லுங்கள். இன்னொன்று, எங்கள் ஆடிட்டரே 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறாரே?

பிறை_கணக்கு

ஆடிட்டர் வேண்டாம். தாம் எடுத்த முடிவைத் தாமே தணிக்கை செய்ய முடியாது, எம்ஐஏ (மலேசியக் கணக்காளர் கழகம்) விதிகளும் அதைத்தான் சொல்கின்றன.

கடன் கமிஷன் வேண்டவே வேண்டாம். 5 லட்சம் கடனுக்கு அவருக்கு 10,000 வெள்ளி. அதே சமயம் நிலுவையை வசூலித்து 2 லட்சம் கொண்டுவந்தால் அவருக்கு ஒன்றுமில்லை. மனிதன் எந்தப் பக்கம் சாய்வான்? கடன் விண்ணப்பக் கோப்பு தயாரிப்பதும் மாதக் கட்டணத்துக்குள் அடங்கிய வேலை என்று எழுதுங்கள்.

ஜாலான்_ஈப்போ_சட்டம்

பங்கு விஷயத்தில் 3 சதவீதம் சின்னது என்று நினைக்காதீர்கள். ஒரு பங்கு வைத்திருந்தாலும் அவர் உறுப்பினர். சிறுபான்மைப் பங்குதாரரை ஒடுக்குகிறார்கள் என்று கம்பெனிச் சட்டம் 346-ஆவது பிரிவில் நீதிமன்றம் போகலாம். ஆள் 8 மாதத்தில் போய்விடுவார், பங்கு போகாது. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தணிக்கையான வரிக்கு முந்திய லாபம் இன்ன தொகையைத் தாண்டினால் தாண்டியதில் இத்தனை சதவீதம், 2 நிதியாண்டுக்கு மட்டும் என்று ரொக்கமாக எழுதுங்கள்.

பட்டர்வொர்த்_சப்ளை

ஆளைச் சோதிக்க ஒரு வழி. 12 மாத பேங்க் ஸ்டேட்மெண்டும் கடன் பாக்கிப் பட்டியலும் கொடுத்து, ஒரு நாள் சம்பளமும் கொடுத்து, ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்: காசு எங்கே நிற்கிறது, முதலில் எந்த 5 வாடிக்கையாளரைப் பிடிப்பேன், எந்தப் பொருளின் விலையை ஏற்றுவேன். 40 ஸ்லைடோடு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அக்கவுண்டன்ட் என்று சொல்லிக்கொண்டால் எம்ஐஏ உறுப்பினரா என்று தேடிப் பாருங்கள், 1967 கணக்காளர் சட்டப்படி பதியாமல் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. பழைய வாடிக்கையாளர் இருவரிடம் பேசுங்கள்.

பிறை_கணக்கு

முதல் 90 நாளில் கைக்கு வர வேண்டியவை. 30-ஆம் நாளுக்குள் 13 வாரப் பணவரவு அட்டவணை. ஒவ்வொரு திங்களும் புதுப்பிக்க வேண்டும். வாடிக்கையாளர் பெயர், வரும் என்று நினைக்கும் தேதி, உண்மையில் வந்த தேதி, மூன்றும் தனித்தனிக் கட்டங்களில். செலவுப் பக்கத்தில் 15-ஆம் தேதியைச் சிவப்பில் போடுங்கள்: இபிஎஃப், சொக்சோ, பிசிபி (சம்பள வரிப் பிடித்தம்), சிபி204 (கம்பெனி வருமான வரி) தவணை எல்லாம் அன்றுதான் வந்து விழும். வருட மதிப்பீடு கூடக் குறைய இருந்தால் 6, 9, 11-ஆம் மாதங்களில் சிபி204 தொகையைத் திருத்தலாம். அதை மறந்து அதிகம் கட்டிக்கொண்டே இருப்பதும் காசு முடங்கும் வழிதான்.

60-ஆம் நாளுக்குள் வாடிக்கையாளர் வாரியாக உண்மை மார்ஜின். 90-ஆம் நாளுக்குள் மாதக் கணக்கு 15-ஆம் தேதிக்குள் முடிய வேண்டும். கடன் வரம்புக் கொள்கையும் நடப்பில் இருக்க வேண்டும்: 60 நாள் தாண்டினால் போன், 90 தாண்டினால் சரக்கு நிறுத்தம்.

இந்தக் கடைசி வரியில்தான் பல இடங்களில் எல்லாம் கவிழ்கிறது. ஆலோசகர் சரக்கை நிறுத்துவார். கடைக்காரர் நேரே முதலாளிக்குப் போன் போடுவார். 'நம்ம ஆளுதானே, ஒரு 20 கார்ட்டன் அனுப்பிவிடு' என்று முதலாளி டிரைவரிடம் சொல்வார். அன்றோடு ஆலோசகரின் வேலை முடிந்தது, 6,000 மட்டும் தொடரும். நிறுத்தத்தை நீங்கள் மீறலாம், ஆனால் எழுத்தில், காரணத்தோடு என்று ஒப்பந்தத்தில் உங்களையே கட்டிப்போடுங்கள்.

செகாம்புட்_மசாலா

அந்த 20 கார்ட்டனைப் போன வாரம்தான் அனுப்பினேன். அக்கவுண்ட்ஸ் ஊழியருக்கு இன்றே விளம்பரம் போடுகிறேன். முதலாமவரிடம் பட்டமும் கமிஷனும் இல்லாமல், 5 நாள் சோதனை வேலைக்கு மட்டும் தனிக் கட்டணம் பேசுகிறேன். எப்போது தொடங்கலாம்?

பட்டர்வொர்த்_சப்ளை

தீபாவளிக்கு முந்திய 10 வாரத்தில் வேண்டாம் அண்ணே. அப்போது ஸ்டோக் குவிந்திருக்கும், பணம் வெளியே இருக்கும், எந்த எண்ணும் சாதாரண எண்ணாக இருக்காது. உங்களுக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. பண்டிகை வசூல் உள்ளே வந்து ஸ்டோக் எண்ணி முடித்த மறு மாதம் வரச் சொல்லுங்கள்.