நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டை நேரில் பார்க்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவும் செய்திருக்கிறேன். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் 3 வருட அனுபவம். வென்டிலேட்டர் நோயாளிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்வேன். பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (இதயம் நின்றுபோவது போன்ற அவசரத்தில் உயிர்காக்கும் பயிற்சிகள்) சான்றிதழ்களும் இருக்கின்றன.

கல்யாணமாகி இப்போது கோயம்புத்தூர் வந்துவிட்டேன். 2 மாதமாக இங்குள்ள மருத்துவமனைகளின் எச்.ஆர். மின்னஞ்சலுக்கு வேலை கேட்டு பயோடேட்டா அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். 9 இடம், ஒரு பதில்கூட இல்லை. மனசு ரொம்பச் சோர்ந்துவிட்டது.

ஐ.சி.யு.வில் என்ன வேலை தெரிய வேண்டும் என்று நர்ஸ்களுக்கெல்லாம் தலைமையான நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டுக்குத்தானே தெரியும், அவரையே நேரில் பார்த்தால் என்ன என்று தோன்றுகிறது. தப்பாக எடுத்துக்கொள்வார்களா? ஷிப்ட் மாறும் நேரமும் ரவுண்ட்ஸ் நேரமும் ஆகாது, 11 மணிக்கு மேல் போகலாமா? இல்லை, முதலில் போன் செய்து நேரம் கேட்பதா? முன்பின் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், எச்.ஆரிடமும் சொல்லிவிட வேண்டுமா? அவர்களைத் தாண்டிப் போனது போல் ஆகிவிடக் கூடாது.

இன்சார்ஜாக இருக்கும் அக்காமார்களே, இப்படி ஒருத்தி உங்களைத் தேடி வந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்? கொஞ்சம் சொல்லுங்கள். அடுத்த வாரம் கிளம்பலாம் என்றிருக்கிறேன்.