கடலூர்ப் பையனுக்குப் புதுச்சேரி வழியா, சென்னை வழியா? ரஞ்சியிலிருந்து இந்திய அணி வரை உள்ள தூரம்

கேள்வி: கெடிலக்கரையான் (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகனுக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறான். இடது கை வேகப்பந்து வீச்சாளன். தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவன். பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் என்று எங்கே போட்டி நடந்தாலும் கடைசி ஓவரை வீச இவனைத்தான் அழைக்கிறார்கள். லெதர் பந்தில் மாவட்ட லீக் ஆடத் தொடங்கியது அண்மையில்தான். வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்பதால் இவன் மனத்தில் இருக்கும் கதை மிகச் சுருக்கமானது: சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து, பிறகு ஐ.பி.எல்., பிறகு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் டெஸ்ட். நடுவில் என்னென்ன நடந்தன என்பது அவனுக்கும் தெரியவில்லை, வீட்டில் எங்களுக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

இந்த நிலையில், தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஒரு யோசனை சொன்னார். கடலூரில் இருந்தால் தமிழ்நாட்டு அணியில் இடம் பிடிக்கச் சென்னைப் பையன்களோடும் மற்ற எல்லா மாவட்டத்துப் பையன்களோடும் மோத வேண்டும். புதுச்சேரியில் ஒரு முகவரியைக் காட்டிப் பதிவு செய்துவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் அந்த அணிக்கு ரஞ்சி (மாநில அணிகள் மோதும் போட்டி) ஆடிவிடலாம். முகவரிக்கான ஏற்பாட்டையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அதற்கு ஒரு தொகையும் கேட்கிறார். நகையை அடகு வைத்தாவது கொடுத்துவிடலாம் என்கிறார் அக்காள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுத்துச் சொல்ல விவரமும் இல்லை.

ரஞ்சி ஆடிவிட்டால் இந்திய அணிக்கு வழி திறந்துவிடுமா? சிறிய அணிக்கு ஆடுவதும் பெரிய அணிக்கு ஆடுவதும் தேர்வாளர் கண்ணில் ஒன்றுதானா? விவரம் தெரிந்தவர்கள் நீளமாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

மறுமொழி: பழைய நடுவர் (சென்னை, பூர்வீகம் திருப்பாதிரிப்புலியூர்)

ஐயா, முதலில் பணத்தைக் கொடுக்காதீர்கள். இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட விதிப்படி, வயதைத் திருத்திக் காட்டியவர்கள் தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டால் தண்டனையிலிருந்து தப்ப ஒரு வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஆனால் வசிப்பிடத்தைப் பொய்யாகக் காட்டியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, பிடிபட்டால் 2 ஆண்டுத் தடை. 17 வயதில் 2 ஆண்டு போனால் 19 வயதுக்கு உட்பட்டோர் கிரிக்கெட்டே போயிற்று. தடை விழுவது பையன் தலையில். முகவரி ஏற்பாடு செய்தவர் அதற்குள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இனி நடராஜன். உங்கள் மருமகன் மனத்தில் இருக்கும் கதையில் விடுபட்டுப்போனது ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். சின்னப்பம்பட்டியில் அவரைக் கண்டெடுத்து, லெதர் பந்து ஆட வேண்டுமென்று வற்புறுத்திச் சென்னைக்கு அனுப்பியவர் ஜெயப்பிரகாஷ். இந்திய அணிச் சட்டையில் நடராஜன் 'ஜே.பி. நட்டு' என்று எழுதிக்கொண்டது அந்த நன்றிக்காகத்தான். 2010-11 பருவத்தில் சென்னை லீக்கில் அவர் ஆடியது கீழ்ப்படியான நான்காம் டிவிஷனில், பி.எஸ்.என்.எல். அணிக்கு. பிறகு விஜய் சி.சி., அதன்பின் ஜாலி ரோவர்ஸ். முதல் டிவிஷனில் ரஞ்சி ஆட்டக்காரர்களுக்கு வாரந்தோறும் பந்து வீசிய பிறகே, 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராகக் கொல்கத்தாவில் ரஞ்சி அறிமுகம் கிடைத்தது.

அறிமுக ஆட்டத்திலேயே அவருடைய பந்துவீச்சு முறை மீது புகார் எழுந்தது. முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. 23 வயதில், ரஞ்சித் தொப்பி கைக்கு வந்த அதே வாரத்தில், ஓடி வருவதிலிருந்து கையைச் சுழற்றுவது வரை எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. இதை அவர் தனியாகச் செய்யவில்லை; மாநிலக் கிரிக்கெட் சங்கத்தில் பயிற்சியாளர்கள் இருந்தார்கள், கைவிடாத கிளப் இருந்தது. பெரிய அமைப்புக்குள் இருப்பதன் பயன் பையன் நன்றாக ஆடும்போது தெரியாது, தடுக்கி விழும்போதுதான் தெரியும். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-இல் தொடங்கியபோது திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரின் (சமனில் முடிந்த ஆட்டத்தைத் தீர்க்கும் கூடுதல் ஓவர்) 6 பந்துகளையும் யார்க்கராக, அதாவது மட்டையாளரின் காலடியில் விழும்படி வீசினார், 2017-இல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது, அங்கே சோபிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, 2018, 2019 இரண்டு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமல் உட்கார வைத்தது. 3 கோடியிலிருந்து 40 லட்சத்துக்கு இறங்கி, பிறகு பெஞ்சில் கழிந்த அந்தக் காலத்தைத்தான் பையனிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை: ஒன்றல்ல, ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை. 2018-19 ரஞ்சிப் பருவத்தில் ஒன்பது புதிய அணிகள் சேர்க்கப்பட்டு, அவை பிளேட் என்ற தனிப் பிரிவில் ஆடின. அந்தப் பிரிவில் பீகாரின் அசுதோஷ் அமன் 68 விக்கெட்டுகளை வீழ்த்தி, 1974-75-இல் பிஷன் சிங் பேடி எடுத்த 64 என்ற சாதனையை முறியடித்தார். சிக்கிமுக்கு ஆடிய மிலிந்த் குமார் அதே பருவத்தில் 1331 ரன் குவித்தார். இருவருக்கும் இந்தியத் தொப்பி கிடைக்கவில்லை. மிலிந்த் குமார் பின்னாளில் அமெரிக்க அணிக்காக 2024 டி20 உலகக் கோப்பை ஆடினார். 2024-25-இல் விதர்பாவின் ஹர்ஷ் துபே 69 விக்கெட் எடுத்து அமனைத் தாண்டினார்; அவர் அணி கோப்பையையும் வென்றது. சில மாதங்களுக்குள் ஐ.பி.எல். வாய்ப்பும், தேசிய அணிக்கு அடுத்த நிலையிலுள்ள இந்தியா 'ஏ' அணியோடு இங்கிலாந்துப் பயணமும் அவருக்குக் கிடைத்தன. வித்தியாசம் ஒரே ஒரு விக்கெட்தான். எண்ணிக்கையை எல்லோரும் பார்க்கிறார்கள். தேர்வாளர் அந்த விக்கெட்டுகளைப் பறிகொடுத்த மட்டையாளர்கள் யார் என்று பார்க்கிறார்.

பீகாரைச் சேர்ந்த முகேஷ் குமாரும் ஆகாஷ் தீப்பும் வங்காளத்துக்குப் போய் ஆடித்தான் டெஸ்ட் வீரர்களானார்கள். முன்னவர் 2023 ஜூலையில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், பின்னவர் 2024 பிப்ரவரியில் ராஞ்சியில். இடம் எளிதாகக் கிடைக்கும் ஊருக்கு அவர்கள் போகவில்லை. தங்களைவிட வல்லவர்கள் இருந்த ஊருக்குப் போனார்கள்.

மறுமொழி: முத்தியால்பேட்டை வாசி (புதுச்சேரி)

நடுவர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் புதுச்சேரி அணியை இன்னும் 2018-ஆம் ஆண்டுக் கண்ணாலேயே பார்ப்பது நியாயமில்லை. 2021-22-இலேயே நாங்கள் எலைட் எனும் மேல் பிரிவுக்கு வந்துவிட்டோம். 2024 ஜனவரியில் டெல்லிக்கே போய், டெல்லி அணியை 9 விக்கெட் வித்தியாசத்தில் வென்றோம். கௌரவ் யாதவ் அந்த ஆட்டத்தில் 10 விக்கெட் எடுத்தார். தோல்வியின் அதிர்ச்சியில் டெல்லி தன் அணித்தலைவரையே மாற்றியது. துத்திப்பட்டு மைதானத்தைப் பார்த்தவர்கள் எங்களிடம் வசதி இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த கௌரவ் யாதவ் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர். அவருக்கு முன்னே பாரஸ் டோக்ரா, பங்கஜ் சிங், அபிஷேக் நாயர், வினய் குமார் என்று பெரிய பெயர்கள் வந்து போயின. வெளியிலிருந்து அனுபவசாலிகளைத் தொழில்முறை வீரர்களாக எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது; அதில் தவறில்லை, எங்கள் பையன்கள் அவர்களிடம் கற்றும் இருக்கிறார்கள். எங்கள் மனக்குறை வேறு. மீதமுள்ள இடங்களுக்கும் வாடகை முகவரியோடு வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது, பாகூரிலும் வில்லியனூரிலும் பிறந்து வளர்ந்த பையன் எங்கே போவான்? உங்கள் வீட்டுக்கு வந்தவர் விற்பது உங்கள் மருமகனுக்கான இடத்தை அன்று. இங்கே ஒரு பையனுக்குச் சேர வேண்டிய இடத்தை. அக்காளிடம் இதையும் சொல்லுங்கள். உண்மையிலேயே இங்கே குடிவந்து, இங்கேயே கல்லூரியில் படித்து, விதிப்படி பதிவு செய்தால் வரவேற்க நானே முதல் ஆளாக நிற்பேன்.

நடுவர் ஐயாவிடம் ஒரு மறுப்பும் உண்டு. படிப்படியாக ஏறினால் மேலே போய்ச் சேரலாம் என்பது போல அவர் எழுதியிருக்கிறார். நடராஜன் ஆஸ்திரேலியாவுக்குப் போனது வலைப்பயிற்சியில் வீசுவதற்காக. சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் என்பதால்தான் டி20 அணியில் இடம் வந்தது. வேகப்பந்து வீச்சாளர் சைனிக்கு மாற்றாக ஒருநாள் அணியில் பெயர் சேர்ந்தது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி கான்பராவில் ஒருநாள் அறிமுகம், இரண்டு நாள் கழித்து அங்கேயே டி20 அறிமுகம். உமேஷ், பும்ரா என்று வரிசையாகக் காயம்பட்ட பிறகு, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி. முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சை. ஒரே ஒரு டெஸ்டோடு கணக்கு நிற்கிறது. இதை ஏணி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வருணை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடக் கலை படித்து வேலைக்குப் போனவர், விக்கெட் கீப்பராகத் தொடங்கி, வேகப்பந்து வீசி, முழங்கால் அடிபட்டுச் சுழலுக்கு வந்தவர். 2021-இல் இந்திய அணி, அந்த ஆண்டு உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்கூட இல்லை, பிறகு மூன்றாண்டுகள் வெளியே. 2024-இல் திரும்பி, 2025 பிப்ரவரியில் 33 வயதில் ஒருநாள் அறிமுகம். அடுத்த மாதமே சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 5 விக்கெட். இந்தப் பாதையை யார் வரைபடமாக வரைய முடியும்?

மறுமொழி: பழைய நடுவர்

காயம் வாசலைத் திறந்தது உண்மைதான், தம்பி. ஆனால் திறந்த நேரத்தில் நடராஜன் அந்த வாசலில் நின்றது 2020 ஐ.பி.எல்லில் எடுத்த 16 விக்கெட்டுகளால்; அபுதாபியில் பெரும் மட்டையாளர் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரை மறந்திருக்க மாட்டீர்கள். வருணும் சென்னை லீக்கில் நான்காம் டிவிஷனில் குவித்த விக்கெட்டுகளோடுதான் வெளியே தெரிந்தார். அதிர்ஷ்டத்தை நானும் மறுக்கவில்லை.

கெடிலக்கரையான்

இருவருக்கும் நன்றி. முகவரிப் பேச்சை இன்றே முடித்துவிட்டேன். அக்காளுக்கு இரண்டு மறுமொழிகளையும் வாசித்தே காட்டினேன். இன்னொரு சந்தேகம்: டென்னிஸ் பந்தில் இவ்வளவு நன்றாக வீசுகிறவன் லெதர் பந்தில் ஐந்தாறு ஓவருக்குமேல் சோர்ந்துவிடுகிறான், பந்து முன்போல அசையவும் இல்லை. இது பழகப் பழகச் சரியாகுமா?

மறுமொழி: வேகப்பந்துப் பயிற்சியாளர் (நெய்வேலி)

தானாகச் சரியாகாது, பழக்கித்தான் சரி செய்ய வேண்டும். டென்னிஸ் பந்தில் தையல் இல்லை. அதனால் பந்து விரலைவிட்டுப் போகும்போது மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தண்டனை இல்லை. வேகமும் நீளமும் போதும். லெதர் பந்தில் சுட்டு விரலும் நடுவிரலும் தையலின் இருபுறமும் அமர்ந்து, கடைசி நொடியில் பந்தைப் பின்னோக்கிச் சுழற்றிவிட வேண்டும். தையல் நிமிர்ந்தபடி போனால்தான் காற்றிலும் ஆடுகளத்திலும் அசையும். பாதி வெள்ளை, பாதி சிவப்பாக உள்ள பயிற்சிப் பந்து ஒன்று வாங்கிக் கொடுத்து, நீங்களே எதிர்முனையில் நின்று பாருங்கள். இரண்டு நிறமும் கலங்காமல் தனித்தனியாகத் தெரிந்தால் மணிக்கட்டு நேராக இருக்கிறது. கலங்கி இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் தள்ளாடுகிறது. டென்னிஸ் பந்திலிருந்து வரும் பையன்களில் பெரும்பாலோருக்கு முதலில் கலங்கித்தான் தெரியும்.

சோர்வு வேறு காரணத்தால். கடற்கரை மணல் முன்காலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கெட்டியான ஆடுகளம் அதை முழங்காலுக்கும் கீழ் முதுகுக்கும் திருப்பி அனுப்பும். வளர்கிற வயதில் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகெலும்பில் கீறல் விழுவது இப்படித்தான். ஆகவே வாரத்துக்கு இத்தனை பந்துகள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஞாயிறு லீக் ஆடிவிட்டுத் திங்கள் இரவு மின்னொளி டென்னிஸ் போட்டிக்குக் கடைசி ஓவர் வீசப் போவதை முதலில் நிறுத்துங்கள். பரிசுத்தொகை ஆசை காட்டி அழைப்பார்கள், மறுத்துவிடுங்கள்.

ஊரைப் பற்றி: இந்தப் பருவம் கடலூர் மாவட்ட அணியில் இடம் பிடிக்கட்டும், மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிகளில்தான் மாநிலத் தேர்வாளர்கள் வெளியூர்ப் பையன்களைப் பார்க்கிறார்கள். வினூ மன்கட், கூச் பெஹார் போட்டிகளுக்கான 19 வயதுத் தேர்வு தவறினாலும், 23 வயதுக்கு உட்பட்டோருக்கான சி.கே. நாயுடு கோப்பை இருக்கிறது. பிளஸ் டூ முடிந்ததும் விளையாட்டு ஒதுக்கீடு உள்ள சென்னைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பியுங்கள். கல்லூரி அணியில் ஆடிக்கொண்டே கீழ் டிவிஷன் லீக் ஒன்றில் சேர்ந்துவிட்டால் தங்குமிடமும் படிப்பும் ஆட்டமும் ஒரே இடத்தில் அமையும். காசு பற்றியும் கேட்பீர்கள்: 20 ஆட்டத்துக்கு உட்பட்ட அனுபவமுள்ள ரஞ்சி வீரருக்கு, ஆடும் பதினொருவரில் இருந்தால், ஒரு நாளுக்கு 40 ஆயிரம் ரூபாய் என்று வாரியம் 2021-இல் உயர்த்தியது. அந்த நாள் வரும்வரை செலவு உங்களுடையதுதான். நல்ல பந்துவீச்சுக் காலணிக்கு மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள்; தேய்ந்த ஆணியோடு ஈரமான ஆடுகளத்தில் ஓடிவந்து கணுக்கால் பிசகிய பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பந்துவீசுவதைப் பக்கவாட்டிலிருந்து காணொளி எடுத்து இங்கே இடுங்கள், முன்கால் விழுவதைப் பார்த்துச் சொல்கிறேன்.